நில வரி ஓரிடம், வருமான வரி வேறிடம்: கூட்டாட்சி என்றால் என்ன?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபாலில் இருக்கும் எங்கள் ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போன மாதம் ஓர் அக்கா வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடியிருக்கிறார். பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஒன்று நில அலுவலகத்திலிருந்து வந்த நில வரி பில். இன்னொன்று செபெராங் பிறை மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி, நம் பேச்சில் சுக்காய் பிந்து. மூன்றாவது, மகன் பேருக்கு வந்த வருமான வரிக் கடிதம்.

“எல்லாமே கவர்மெண்டுதானே தம்பி? ஒரே இடத்துல கட்ட முடியாதா?”

முடியாது, அக்கா. நில வரி பினாங்கு மாநில அரசாங்கத்துக்குப் போகிறது. மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு. அந்த மன்றம் மாநிலத்தின் கீழ் இயங்குகிறது. வருமான வரி மத்திய அரசாங்கத்துக்கு. மேசைமேல் கிடந்த மூன்று உறைகளையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் கூட்டாட்சி. அவரிடம் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இது தெரியாமல் போனதால் கைநழுவிப் போனவை நிறைய.

முதலில் இரண்டு சொற்கள். மலாயில் ‘நெகாரா’ என்றால் நாடு, ‘நெகிரி’ என்றால் மாநிலம். நாடு என்பதற்கு எல்லை, மக்கள், அரசாங்கம், பிற நாடுகளோடு சமமாக நின்று ஒப்பந்தம் போடும் தகுதி எல்லாம் வேண்டும். மாநிலத்துக்கும் எல்லை உண்டு, மக்கள் உண்டு, அரசாங்கமும் உண்டு. ஆனால் நாட்டுப் பாதுகாப்பு அதன் கையில் கிடையாது, கடப்பிதழ் கொடுக்க முடியாது, வெளிநாட்டோடு தூதரக உறவு வைத்துக்கொள்ள முடியாது.

எல்லா நாட்டிலும் மாநிலம், மாவட்டம் என்று ஏதோ ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும்கூட மாகாணங்கள் உண்டு. ஆனால் அவை ஒற்றையாட்சி நாடுகள். மாகாணங்களின் அதிகாரம் தலைநகரம் கொடுத்தது. வேண்டாம் என்று தோன்றினால் சட்டம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கூட்டாட்சியில் மாநிலத்தின் அதிகாரம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மத்தியில் ஆள்பவர்கள் கோபத்தில் ஒரு நாள் அதைப் பிடுங்கிவிட முடியாது. மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா எல்லாம் இந்த வகை.

நம் நாட்டில் கூட்டாட்சி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே மாநிலங்கள் முதலில் வந்தன, நாடு பிறகு வந்தது. கெடாவும் பேராக்கும் சுல்தான்கள் ஆண்ட தனி அரசுகள். பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ்காரர்களின் நேரடிக் குடியேற்றங்கள். 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்துக் கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் கூட்டரசு, நிர்வாகம் முழுக்கக் கோலாலம்பூரில் குவிந்தது. போருக்குப் பிறகு 1946-இல் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த மலாயன் யூனியன் என்ற ஒற்றையாட்சி ஏற்பாடு சுல்தான்களின் அதிகாரத்தை ஏறக்குறைய முழுதாக எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்து மலாய் மக்கள் திரண்டார்கள். 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மலாயன் யூனியன் திட்டத்தில் குடியுரிமை தாராளமாக இருந்தது. 1948 ஏற்பாட்டில் விதிகள் இறுகின. மாநில உரிமையும் குடியுரிமையும் ஒரே மேசையில் பேரம் பேசப்பட்டன. என் தாத்தா போன்ற தோட்டத் தொழிலாளிகள் அந்த மேசைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

பினாங்குக்காரர்களுக்கும் அப்போது மனக்குறை இருந்தது. துறைமுக வணிகம் பாதிக்கும் என்று பயந்த வணிகர்கள், கூட்டரசிலிருந்து பினாங்கு பிரிய வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1949-இல் பினாங்கு ஆட்சி மன்றத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. 1957 ஆகஸ்ட் 31-இல் 11 மாநிலங்களோடு மலாயா விடுதலை பெற்றது. 1963 செப்டம்பர் 16-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் வெளியேறியது. இன்று 13 மாநிலங்கள். கோலாலம்பூர், லாபுவான், புத்ராஜெயா என்று 3 கூட்டரசுப் பிரதேசங்கள்.

சரி, யாருக்கு என்ன அதிகாரம்? அரசியலமைப்பின் 9-ஆம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மத்தியப் பட்டியல் நீளமானது: பாதுகாப்பு, காவல்துறை, குடியுரிமை, கல்வி, மருத்துவமனை, தொழிலாளர் விவகாரம், வணிகம், வரிகளில் பெரும்பகுதி. மாநிலப் பட்டியல் குட்டையானது: நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமிய சமய விவகாரம், ஆற்று மீன்பிடிப்பு, ஆமைகள்கூட. ஆமை என்று எழுதியிருக்கிறதே என்று பலர் சிரிப்பார்கள். கடற்கரையில் ஆமை முட்டை எடுக்கும் உரிமையை ஏலம் விட்ட திரெங்கானு போன்ற மாநிலங்களுக்கு அது வருமானமாக இருந்தது. மூன்றாவது பொதுப் பட்டியல், இருவரும் சட்டம் போடலாம்: சமூக நலம், நகரத் திட்டமிடல், வடிகால், வீடமைப்பு. 2005-இல் தீபகற்ப மாநிலங்களின் நீர் விநியோகத்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து இதற்கு மாற்றினார்கள்.

மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிறது 75-ஆவது பிரிவு. எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் மாநிலத்துக்கு என்கிறது 77-ஆவது பிரிவு. இந்தியாவில் இது தலைகீழ். அங்கே மிச்ச அதிகாரம் மத்திய அரசுக்கு. கேட்க நம் மாநிலங்களுக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால் மத்தியப் பட்டியல் அவ்வளவு நீளமாக இருக்கும்போது மிச்சம் என்று என்ன இருக்கப் போகிறது?

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் இதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறோம், மின்மினிப்பூச்சி பார்க்க வெளியூர்க்காரர்கள் படகு ஏறும் ஆறு. தெற்கே கொஞ்ச தூரம் போனால் பாரிட் புந்தார், அது பேராக். அங்கே பாலத்தைத் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. ஒரு காலைப்பொழுதில் மோட்டார் சைக்கிளில் மூன்று மாநிலங்களையும் மிதித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

பாலத்தைத் தாண்டினால் வார விடுமுறையே மாறிவிடுகிறது. பேராக்கிலும் பினாங்கிலும் சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. வார ஓய்வு நாளை முடிவு செய்வது மாநிலம். கல்வியோ மத்திய அரசாங்கத்திடம். அதனால் கல்வி அமைச்சு பள்ளி நாட்காட்டியை ஏ குழு, பி குழு என்று இரண்டாகப் பிரித்து வெளியிடுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் பாரிட் புந்தாரில் குடியிருந்து ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இந்தப்பக்கம் படிக்கிறார்கள். குடும்பமாக ஒன்றாய் இருக்க அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்.

தைப்பூசமும் அப்படித்தான். பினாங்கிலும் பேராக்கிலும் அது மாநில விடுமுறை நாள். கெடாவில் மாநில அரசாங்கம் சிறப்பு விடுமுறையாக அறிவித்தால் உண்டு. 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அங்கே அது ரத்தானபோது, அந்தப்பக்கத்து உறவினர்கள் வருத்தப்பட்டதை நேரில் கேட்டேன். ஒரே முருகன், ஒரே காவடி. தீபாவளி நாடு முழுக்க விடுமுறை என்று நினைக்கிறோம், சரவாக்கில் இல்லை.

அப்புறம் தேர்தல். நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு. 2022 நவம்பர் 19-இல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது பேராக் தன் சட்டமன்றத்தையும் கலைத்திருந்தது. அதனால் பாரிட் புந்தார்க்காரர்கள் இரண்டு வாக்குச்சீட்டு வாங்கினார்கள். பினாங்கும் கெடாவும் கலைக்கவில்லை. நாங்கள் ஒரு சீட்டோடு வந்துவிட்டு, 2023 ஆகஸ்ட் 12-இல் மறுபடி வரிசையில் நின்றோம். சட்டமன்றத்தை எப்போது கலைப்பது என்பதில் பிரதமரின் சொல் செல்லாது. மாநில அரசாங்கத்தின் தலைவரான மந்திரி பெசாரோ முதலமைச்சரோ கேட்டு, சுல்தானோ ஆளுநரோ சம்மதிக்க வேண்டும். மாநில அரசாங்கம் என்பது மத்திய அரசாங்கத்தின் கிளை அலுவலகம் கிடையாது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நிலம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

நில விவகாரத்துக்கு நாடாளுமன்றம் 1965-இல் தேசிய நிலச் சட்டம் போட்டது. தீபகற்ப மாநிலங்கள் எல்லாவற்றிலும் சட்டம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அரசியலமைப்பே அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி முடிவெடுக்கும் கை மாநிலத்தின் கை. அரசு நிலத்தை ஒருவருக்குக் கொடுப்பது, விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற அனுமதிப்பது, பொதுத் தேவைக்குக் கையகப்படுத்துவது எல்லாம் மாநிலம். மத்திய அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்ட நினைத்தாலும் நிலத்துக்கு மாநிலத்திடம் வந்து நிற்க வேண்டும்.

இதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். தொழிலாளிகளுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில், அதாவது வரிசை வீட்டில், ஒரு குடும்பம். அந்த வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம், குறைந்தபட்ச வசதி இருக்க வேண்டும் என்று சொல்வது 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புத் தரச் சட்டம். தொழிலாளர் விவகாரம் என்பதால் அது மத்தியச் சட்டம். வீடு நிற்கும் மண் தோட்ட நிறுவனத்தின் சொத்து. அந்த மண்ணை நிறுவனம் வீடமைப்பாளருக்கு விற்று, செம்பனையைச் சாய்த்துவிட்டு வீடு கட்டலாமா என்று முடிவு செய்வது மாநிலம். குப்பை அள்ளுவது ஊராட்சி மன்றத்தின் வேலை. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் மன்றத்தின் லாரி பல தோட்டங்களுக்குள் நுழைந்ததே இல்லை. தொழிலாளிக்கு 60 வயது ஆனதும் வேலை போகிறது, வேலையோடு வீடும் போகிறது. ஒரு கூரைக்கு இத்தனை பேர் பொறுப்பு, கடைசியில் யாருமே பொறுப்பில்லாதது போல் ஆகிவிடுகிறது.

தமிழ்ப்பள்ளிக் கதையும் இதேதான். நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல தோட்டத்தில் பிறந்தவை. ஆசிரியருக்குச் சம்பளம், பாடத்திட்டம், பாடநூல் எல்லாம் மத்திய அரசாங்கத்தின் கல்வி அமைச்சிலிருந்து. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தோட்ட நிறுவனத்தின் பேரில் இருந்தால், அது அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளி. பிள்ளைகள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபின் பள்ளியையும் அங்கே மாற்ற வேண்டுமென்றால் உரிமம் அமைச்சிடம், நிலம் மாநிலத்திடம். இரண்டும் ஒரே நேரத்தில் கை கோக்காவிட்டால் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா வேலை பார்த்த தோட்டம் கைமாறப் போகிறது என்று தெரிந்ததும், கோயில் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்பாவும் கோயில் குழுவும் கிளம்பினார்கள். கோலாலம்பூரில் ஓர் அமைச்சுக்குக் கடிதம் மேல் கடிதம். ஒவ்வொன்றின் நகலையும் பழுப்புநிறக் கோப்பில் அப்பா நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். மூன்று வருடம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: நிலம் மாநில அரசாங்கத்தின் விவகாரம், அங்கே அணுகவும். அங்கே போனபோது நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோப்பு இன்னும் கடை இழுப்பறையில் இருக்கிறது. யாராவது நில விஷயமாகக் கடிதம் எழுதித் தரச் சொன்னால், முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

மாநிலங்களுக்கு இடையிலும் சண்டை உண்டு. பினாங்குக்குக் குடிநீர் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடா வழியாக வந்து எல்லையில் ஓடுகிறது. நீர்பிடிப்புக் காட்டை நாங்கள் வெட்டாமல் காக்கிறோம், அதற்குப் பணம் கொடுங்கள் என்பது கெடாவின் வாதம். எல்லை ஆற்றில் எங்களுக்கும் உரிமை இருக்கிறது என்பது பினாங்கின் வாதம். கெடா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை: மரத்தை வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம், வெட்டாமல் விட்டால் எதுவும் இல்லை. நிலம், காடு, சுரங்கம் இவைதான் மாநிலத்தின் முக்கிய வருவாய் என்று சட்டம் வகுத்திருக்கிறது. வருமான வரி, சுங்க வரி எல்லாம் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. மாநிலத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியமும் சாலைக்கு ஒரு மானியமும் திரும்பி வரும். கையில் காசில்லாத மாநிலம் காட்டையும் நிலத்தையும்தான் விற்கும். தோட்டங்கள் தாமான்களாக மாறும் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

மாநிலத்தின் கை எவ்வளவு நீளும் என்பதைப் பினாங்கு ஒரு முறை சோதித்துப் பார்த்தது. ஒரு காலத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. ஊராட்சி மாநிலப் பட்டியலில்தானே இருக்கிறது என்று 2012-இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தின் 1976 சட்டமே வென்றது. இன்றும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. நெருக்கடிநிலை அதிகாரமும் மத்திய அரசாங்கத்திடம் இருக்கிறது. 1966-இல் சரவாக்கிலும் 1977-இல் கிளந்தானிலும் அது பயன்பட்டது.

ஆனால் மாநிலத்தின் கையில் ஒரு பலமான பூட்டு உண்டு. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற வேண்டுமென்றால் அந்த மாநிலச் சட்டமன்றமும், சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மன்றமும் சம்மதிக்க வேண்டும். இந்தியாவில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு 2014-இல் ஆந்திரத்திலிருந்து தெலங்கானாவைப் பிரித்ததே, அது இங்கே நடக்காது. 1974-இல் கோலாலம்பூரைச் சிலாங்கூர் விட்டுக்கொடுத்தது சம்மதத்தோடுதான். எல்லையில் அதன் நினைவாகக் கட்டிய வளைவு இன்றும் நெடுஞ்சாலையில் நிற்கிறது.

சபாவும் சரவாக்கும் இன்னும் கொஞ்சம் அதிக உரிமையோடு சேர்ந்தவை. நாம் அங்கே போனால், சொந்த நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பில் நிற்க வேண்டும். நம் அடையாள அட்டையைப் பார்த்து அனுமதி தருவார்கள். முதன்முறை போனபோது எனக்கு மனசு சுருங்கியது. பிறகு 1963 ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தேன். மக்கள்தொகை அதிகமுள்ள தீபகற்பம் தங்களை மூழ்கடித்துவிடுமோ என்று அவர்கள் அன்று பயந்தது புரிந்தது.

குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலையும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியுரிமையும் பிறப்புப் பதிவும் மத்திய அரசாங்கத்தின் வேலை. சட்டமன்ற உறுப்பினர் நல்லவராக இருக்கலாம், பரிந்துரைக் கடிதமும் கொடுக்கலாம், முடிவு புத்ராஜெயாவில். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போவதுதான் நேர்வழி.

அந்த அக்கா மறுபடி போன வாரம் வந்தார். மூன்று வரியையும் கட்டிவிட்டார். இந்த முறை சாலைக் குழி. இன்னமும் தோட்டத்து லயத்தில் இருக்கும் தங்கையின் பேரன் மோட்டாரோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டானாம். யாருக்கு எழுதுவது என்று கேட்டார். சாலைப் பலகையில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் பழைய பெரிய சாலையின் பலகையில் 1 என்று வெறும் எண் இருக்கும். அது கூட்டரசுச் சாலை. பி (P) என்ற எழுத்தோடு எண் இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை. பேராக்குக்கு ஏ, கெடாவுக்கு கே, வண்டி எண் பலகையில் இருக்கும் அதே எழுத்துகள். தாமானுக்குள் இருக்கும் சின்னச் சாலை பெரும்பாலும் மாநகர் மன்றத்துடையது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தத் தோட்டத்து ரோட்டுல பலகையே இல்லியே, தம்பி.”

கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பேருக்கு எழுதினோம். ஒரு நகல் தொழிலாளர் இலாகாவுக்கு, இன்னொன்று சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. மூன்று உறை, மூன்று தபால்தலை. நான்காவது நகலை அக்காவிடமே கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.